லிஃப்ட் பண்ணின வி-கிராஸ்: ஹைவேல ஸ்டியரிங் மிதக்குது, கொண்டை ஊசில திரும்பி வரமாட்டேங்குது, எங்கிருந்து ஆரம்பிக்கறது?

ஆழியார்க்காரன்:
வணக்கங்க. சமீபத்துல செகண்ட் ஹேண்ட்ல ஒரு இசுஸு டி-மேக்ஸ் வி-கிராஸ் எடுத்தேனுங்க, 1.9 இன்ஜின், மேனுவல், ஃபோர் பை ஃபோர். முந்தின ஓனரே லிஃப்ட் பண்ணி, அதாவது சஸ்பென்ஷன்ல வண்டிய உசத்தி வெச்சிருந்தாரு, ரெண்டு இன்ச்னு சொன்னாரு, கூடவே கம்பெனி டயர் 255/60 ஆர்18 எடுத்துட்டு 285/60 ஆர்18 ஆல் டெரைன் போட்டிருக்காரு. பாக்க கெத்தா இருக்கு, அதுல குறை சொல்ல ஒண்ணுமில்லீங்க. ஓட்டறதுலதான் பிரச்சனை.

ஒண்ணு, பொள்ளாச்சி கோயமுத்தூர் ரோட்ல 80 தாண்டினா ஸ்டியரிங் லேசா மிதக்கற மாதிரி இருக்கு, நேர் ரோட்லயே சும்மா சும்மா திருத்திக்கிட்டே போகணும், பக்கத்துல பஸ்ஸு கடந்தா வண்டி அப்படியே நகருது. ரெண்டாவது, வால்பாறை ஏறறப்ப கொண்டை ஊசில முழுசா ஒடிச்சுட்டு கைய விட்டா ஸ்டியரிங் தானா நேரா வரமாட்டேங்குது, நாமளே இழுத்து கொண்டுவர வேண்டியிருக்கு. மூணாவது, இறங்கறப்ப பிரேக் மிதிச்சா மூஞ்சி ரொம்ப குத்துது, பின்னாடி உக்காந்திருக்கற அம்மா "இதுக்கு பழைய பொலீரோவே தேவலைடா"ங்கறாங்க. நாலாவது ஒண்ணு, ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்கறப்ப முன்னாடி "டக்"னு ஒரு சத்தம்.

தோட்டத்துக்கு போற மண் ரோட்டுக்கு ஹைட் வேணும்ங்க, அதனால ஒரேயடியா ஸ்டாக்குக்கு (கம்பெனி ஹைட்டுக்கு) எறக்கிடுங்கன்னு மட்டும் சொல்லிடாதீங்க. இது லிஃப்ட் பண்ணினா வர்ற இயல்பா, இல்ல போட்டவங்க சரியா போடலியா? எதை முதல்ல பாக்கட்டும்?

பட்டறை மணி:
தம்பி, நீங்க சொன்ன நாலுல மூணு போட்ட வேலையோட கோளாறு, அது சரியாகும். மிச்சத்துல கொஞ்சம் ஹைட்டுக்கு நாம குடுக்கற விலை, அது எந்த பட்டறைக்கு போனாலும் முழுசா திரும்பி வராது. ரெண்டையும் ஒண்ணா போட்டு குழப்பிக்காதீங்க, இங்க பாதி பேரு அதைத்தான் பண்றாங்க, அலைன்மென்ட்ல சரியாகறதுக்கு ஷாக் மாத்துவாங்க, ஷாக்ல சரியாகறதுக்கு டயர் மாத்துவாங்க.

மிதக்கறதும் ஸ்டியரிங் திரும்பி வராததும் ஒரே நோய்தான், காஸ்டர் போயிருச்சு, அதாவது வீல் திரும்பற அச்சு பின்பக்கமா சாஞ்சிருக்கற கோணம். வி-கிராஸ்ல முன்னாடி டபுள் விஷ்போன் (மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு ஆர்ம்), காயில் ஸ்பிரிங். பாடிய மேல தூக்கினா மேல் ஆர்மும் கீழ் ஆர்மும் கீழ்ப்பக்கமா தொங்கும், அப்படி தொங்கறப்ப மேல் பால் ஜாயின்ட் இருக்கற இடம் மாறும், காஸ்டர் குறையும், கேம்பர் (முன்னாடி இருந்து பாத்தா வீலோட சாய்வு) வெளிப்பக்கமா சாயும், டோவும் (மேல இருந்து பாத்தா வீல் உள்ளயோ வெளியயோ திரும்பியிருக்கறது) மாறிடும். டோ மட்டும்தான் நம்ம ஊர் அலைன்மென்ட் கடைல அக்கறையா பாப்பாங்க, ஏன்னா டயர் தேய்மானத்துக்கு ஆளு திரும்ப வந்து சத்தம் போடுவான். காஸ்டர் கொறஞ்சா டயர் சாதாரணமாத்தான் தேயும், வண்டிதான் நேரா நிக்காது. சைக்கிள்ல முன் ஃபோர்க் சாய்வா இருக்கறதாலதான கைய விட்டும் நேரா போகுது, அதே சமாச்சாரம்தான்.

அதனால முதல் வேலை, பணம் எதுவும் செலவு பண்றதுக்கு முன்னாடி, கம்ப்யூட்டர் அலைன்மென்ட் போடற நல்ல கடைக்கு போய் "காஸ்டர் எவ்ளோ காட்டுது, பிரின்ட் குடுங்க"ன்னு கேளுங்க. இந்த மாதிரி பிக்கப்ல பொதுவா 3 டிகிரி பக்கத்துல இருந்தா நேரா நிக்கும், ஒரு டிகிரிக்கு பக்கத்துல வந்துச்சுன்னா நீங்க சொல்ற எல்லாம் வரும். பெரிய டயர் வேற போட்டிருக்கீங்க, அதுக்கு கொஞ்சம் கூடவே இருந்தா நல்லது. கீழ் ஆர்ம்ல இருக்கற கேம் போல்ட்ட (திருப்பினா ஆர்ம் நகர்ற அட்ஜஸ்ட் போல்ட்) வெச்சு கொஞ்சம் மீட்கலாம், முழுசா வரலைன்னா அளவு மாத்தி செஞ்ச அப்பர் ஆர்ம் கிடைக்குது, லிஃப்ட் கிட் கம்பெனிக்காரங்களே தனியா விக்கறாங்க.

அந்த "டக்" சத்தத்துக்கு நீங்களே பாக்கலாம். முன் வீல திருப்பி வெச்சுட்டு டார்ச் அடிச்சு ஸ்ட்ரட்டோட (காயிலும் ஷாக்கும் சேந்த பாகம்) மேல் பக்கம் பாருங்க. டவருக்கும் ஸ்ட்ரட்டோட டாப் மவுன்ட்டுக்கும் நடுவுல வட்டமா ஒரு கனத்த அலுமினியம் இல்ல நைலான் வளையம் தெரியுதா? தெரிஞ்சா அது ஸ்பேசர் லிஃப்ட். ரெண்டு இன்ச் லிஃப்ட்டுக்கு வளையம் ரெண்டு இன்ச் இருக்காது, ஒரு இன்ச் பக்கத்துலதான் இருக்கும், ஏன்னா ஸ்ட்ரட் கீழ் ஆர்மோட நடுவாக்குல உக்காந்திருக்கு, அங்க ஒரு இன்ச் தள்ளினா வீல்ல கிட்டத்தட்ட ரெண்டு இன்ச் வரும். அப்புறம் காயில்ல பெயின்ட் உரிஞ்சிருக்கா, அப்பர் ஆர்மோட உள் விளிம்புல பளபளன்னு தேய்ஞ்ச தடம் இருக்கான்னு பாருங்க. இருந்துச்சுன்னா வீல் முழுசா கீழ தொங்கறப்ப ஆர்ம் போய் ஸ்பிரிங்க இடிக்குது, உங்க சத்தம் அதுதான்.

ஆழியார்க்காரன்:
அண்ணா ரொம்ப நன்றிங்க. இப்பத்தான் படுத்து பாத்துட்டு வந்தேன், கருப்பு கலர்ல வளையம் இருக்கு, ஒரு இன்ச்சுதான் இருக்கும். காயில்ல ரெண்டு சுத்துல பெயின்ட் போய் துரு தெரியுது, லெஃப்ட்ல ஜாஸ்தி. அதோட லெஃப்ட் வீலுக்கு உள்பக்கம் ரிம்முல கிரீஸ் தெறிச்ச மாதிரி ஒரு கோடு வட்டமா இருக்கு, இது என்னங்க?

பின்னாடி பட்டைக்கும் (லீஃப் ஸ்பிரிங்) ஆக்ஸிலுக்கும் நடுவுல ஒரு இரும்பு கட்டை வெச்சிருக்காங்க, யு-போல்ட் நீளமா புதுசா இருக்கு.

டிகிரி காப்பி:
கிரீஸ் கோடுன்னா முன் வீலுக்கு பவர் கொண்டு போற ஜாயின்ட் ஷாஃப்ட்டோட பூட் (கிரீஸ மூடியிருக்கற ரப்பர் உறை) கிழிஞ்சிருக்கு ப்ரோ. லிஃப்ட்ல முன் டிஃப்ரன்ஷியல் (ரெண்டு வீலுக்கும் பவர் பிரிக்கற கியர் பெட்டி) சேஸிஸோட மேல போயிடும், வீல் கீழயே இருக்கும், நடுவுல ஷாஃப்ட் கூடுதலா சாயும், பூட்டோட மடிப்பு ஒண்ணோட ஒண்ணு உரசி கிழியும். மழை வர்றதுக்குள்ள மாத்திடுங்க, சேறு உள்ள போச்சுன்னா ஜாயின்ட்டே போயிடும், அது பூட் விலைல முடியாது.

மணி அண்ணன் பார்ட்ஸ் பக்கம் சொல்லிட்டாரு, நான் "முழுசா திரும்பி வராத" பக்கத்த கொஞ்சம் கணக்கா சொல்றேன், நான் வேலை பாக்கறது வண்டி டெஸ்டிங்ல, அதனால வாய் சும்மா இருக்காது, நீளமா போனா மன்னிச்சுக்குங்க.

ஒரு வண்டி கவுறுமா கவுறாதான்னு பாக்க எளிமையான ஒரு அளவு இருக்கு. ரெண்டு வீலுக்கும் நடுவுல இருக்கற அகலத்துல பாதிய, வண்டியோட எடை மையம் தரையில இருந்து எவ்ளோ உசரத்துல இருக்கோ அதால வகுக்கணும். அமெரிக்கால 2001 மாடல்ல இருந்து ரோல்ஓவர் ரேட்டிங் குடுக்கறதுக்கு அடிப்படை இதுதான். கார்னா 1.4 பக்கம் வரும், பிக்கப், பெரிய எஸ்யுவின்னா 1.1ல இருந்து 1.2. இப்ப வி-கிராஸுக்கு அகலம் 1570 மிமீ, எடை மையம் 700 மிமீ உசரத்துல இருக்குன்னு வெச்சுக்குங்க (700ங்கறது கணக்குக்காக நான் எடுத்த நம்பர், கம்பெனி சொன்னது இல்ல). 785ஐ 700ஆல வகுத்தா 1.12. லிஃப்ட் 50 மிமீன்னா ஆக்ஸிலும் வீலும் மேல போகாததால மையம் ஒரு 45 மிமீ ஏறும், 1.05. டயர் 763 மிமீ விட்டத்துல இருந்து 799க்கு போயிருக்கு, அதுல பாதி 18 மிமீ மொத்த வண்டியையும் தூக்கும், 1.03. மேல கேரியர் போட்டு ரூஃப் டென்ட், ஜெர்ரி கேன் ஏத்தினா ஒண்ணுக்கு கீழ போக சான்ஸ் இருக்கு.

1.12க்கும் 1.03க்கும் என்ன பெரிய வித்தியாசம்னு தோணும். ஒரே வளைவுல, நிதானமா ஸ்பீடு ஏத்திக்கிட்டே போனா, உள் வீல் தூக்கற ஸ்பீடு 4 சதவீதம்தான் குறையும், 60ல தூக்கறது 57½ல தூக்கும். அதுக்கு முன்னாடி டயரே வழுக்கிடும். ஆனா ரோட்ல யாரும் அப்படி கவுக்கறதில்ல. மாடு குறுக்க வருது, லெஃப்ட்ல ஒடிச்சு உடனே ரைட்ல ஒடிக்கறோம், முதல் ஒடிப்புல சாஞ்ச பாடி திரும்பி வர்ற வேகத்தோட ரெண்டாவது ஒடிப்பும் சேந்துக்கும். அந்த ரெண்டாவது சாய்வுலதான் லிஃப்ட் பண்ணின வண்டி கவுறுது. ஷாக் ஸ்டாக்கா இருந்து ஸ்பிரிங்கும் உசரமும் மட்டும் மாறியிருந்தா அந்த சாய்வ யாரும் பிடிக்க மாட்டாங்க.

பிரேக் பிடிச்சா மூஞ்சி குத்தறதும் இதே கணக்குதான். ரெண்டு டன் வண்டி, நல்லா அழுத்தி பிரேக் பிடிக்கறோம், புவியீர்ப்புல 0.6 பங்கு வேகக்குறைப்புன்னு வெச்சுக்குங்க. வீல்பேஸ் 3095 மிமீ. எடை மையம் 700ல இருந்தா பின்னாடி இருந்து முன்னாடிக்கு 271 கிலோ தாவும், 763ல இருந்தா 296 கிலோ. வெறும் 25 கிலோதான் கூடுது, ஆனா காலி பிக்கப்ல பின் ஆக்ஸில் மேல ஏற்கனவே எடை கம்மி, அதுல இருந்து இன்னும் 25 போகுதுங்கறதுதான் கவனிக்க வேண்டியது. மலை இறக்கத்துல ரோடே சாய்வா இருக்கறதால இன்னும் கொஞ்சம் முன்னாடி போகும். பிரேக்க விட கியர்ல இறங்குங்க, மத்தவங்களுக்கும் அதுதான் ரூல், உங்களுக்கு ரெண்டு மடங்கு ரூல்.

இன்னொண்ணு, ஸ்பீடோ. டயர் விட்டம் 4.7 சதவீதம் கூடியிருக்கு, மீட்டர்ல 80ன்னா நெஜமா 84 பக்கம். "80 தாண்டினா மிதக்குது"ங்கறது கம்பெனி டயர் கணக்குல 84.

குறிஞ்சி டீசல்:
நாங்க கூடலூர் பக்கம், மழைக்காலத்துல காலி பிக்கப் எல்லாம் பின்னாடி வழுக்கும், நான் மலை ரோட்ல மழைன்னா ஃபோர் ஹைல (நாலு வீலுக்கும் பவர் போற செட்டிங்) போட்டு விட்டுடுவேன், லிஃப்ட் வண்டியா இருந்தாலும் அம்சமா ஏறும். இவ்ளோ கணக்கு போட்டு பயமுறுத்த வேண்டாம்பா, ஊர்ல எத்தனை லிஃப்ட் வண்டி ஓடுது, எல்லாம் கவுந்தா கெடக்கு.

பட்டறை மணி:
குறிஞ்சி, வி-கிராஸ்ல சென்டர் டிஃப்ரன்ஷியல் (முன்னும் பின்னும் வேற வேற வேகத்துல சுத்த விடறது) கிடையாது, பார்ட் டைம் ஃபோர் பை ஃபோர். ஃபோர் ஹைல முன்னும் பின்னும் ஒரே வேகத்துல பூட்டிக்கும், கொண்டை ஊசில முன் வீல் போற தூரம் வேற, பின் வீல் போற தூரம் வேற, ஏதோ ஒரு வீல் வழுக்கித்தான் ஆகணும். சேறு, ஜல்லி, புல்லுன்னா வழுக்கிடும் பிரச்சனை இல்ல. தார் ரோட்ல, அது ஈரமா இருந்தாலும், வழுக்க மாட்டேன்னு பிடிச்சுக்கிட்டு ஷாஃப்ட்டையும் கிராஸையும் (யுனிவர்சல் ஜாயின்ட்) முறுக்கும், ஸ்டியரிங் கனமாகும், ஒடிச்சாலும் வண்டி நேரா போகப் பாக்கும். நீங்க ஓட்டிப் பழகினவரு சமாளிச்சுடுவீங்க, தம்பிக்கு ஏற்கனவே ஸ்டியரிங் திரும்பி வர்றதில்ல, ஷாஃப்ட் வேற கோணல்ல நிக்குது. தார் மேல டூ ஹைதான் (பின் வீலுக்கு மட்டும் பவர்). அவருக்கு அந்த யோசனைய குடுக்காதீங்க.

தம்பி, பின்பக்க கட்டை. ஒரு கட்டைன்னா பெரிய பாவம் இல்ல, அது ஸ்பிரிங்கோட தன்மைய மாத்தாது, சவாரி பழைய மாதிரியே இருக்கும். ஆனா ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவுல தூரம் கூடுனதால ஏத்தத்துல ஃபர்ஸ்ட் கியர்ல கிளட்ச் விட்டு எடுக்கறப்ப ஆக்ஸில் முறுக்கி பட்டைய எஸ் மாதிரி வளைக்கும், பின்னாடி "தட தட"ன்னு குதிக்கும். கட்டை மேல கட்டை அடுக்கியிருந்தா மட்டும் அன்னைக்கே கழட்டிடுங்க. ஒரே கட்டையா, அதுல மேலயும் கீழயும் சென்டர் போல்ட் தலை உக்கார்ற குழியும் குமிழும் சரியா மாட்டியிருக்கான்னு பாருங்க. யு-போல்ட் புதுசுன்னா போட்ட கொஞ்ச நாள்லயே ஒரு தடவை டார்க் ரெஞ்ச் வெச்சு திரும்ப முடுக்கணும், நம்ம ஆளுங்க யாரும் பண்றதில்ல. சிலபேரு ஷாக்கிள (பட்டையோட முனைய சேஸிஸ்ல தொங்கவிடற இணைப்பு) நீட்டி தூக்குவாங்க, அதுல ஆக்ஸிலோட மூக்கு திரும்பி ஷாஃப்ட் ஆங்கிள் கெட்டுப்போய் ஒரு குறிப்பிட்ட ஸ்பீடுல சீட்டு அதிரும், உங்களுது அது இல்லாதது நல்லதாப் போச்சு.

அப்புறம் முன்னாடி ஸ்டெபிலைசர் பார் (வளைவுல பாடி சாயறத குறைக்கற கம்பி). லிங்க்கு பழசே இருக்கா பாருங்க. பாடி மேல போனா பார் கீழ இழுத்துக்கிட்டு ஒரு மாதிரி கோணல்ல நிக்கும், வேலைய ஒழுங்கா செய்யாது, சாய்வு கூடும். சில ஆஃப்ரோடு ஆளுங்க அதைக் கழட்டியே வெச்சிருப்பாங்க, வாங்கின வண்டில அது இருக்காங்கறதே உறுதி பண்ணிக்கங்க! பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் வீல் முழுசா தொங்கறப்ப இழுபடுதான்னு ஜாக்கி வெச்சு தூக்கிப் பாருங்க. ஏபிஎஸ் இல்லாத பழைய பிக்கப் வெச்சிருக்கறவங்க யாராவது இதைப் படிச்சா, உங்க வண்டில பின் ஆக்ஸில்ல இருந்து ஒரு கம்பி போய் சேஸிஸ்ல ஒரு வால்வ ஆட்டும், லோடு பாத்து பின் பிரேக்க கூட்டிக் கொறைக்கறது அதுதான். லிஃப்ட் பண்ணிட்டு அந்த கம்பிய சரி பண்ணலைன்னா வால்வு வண்டி எப்பவுமே காலின்னு நெனச்சுக்கும், லோடு ஏத்தினாலும் பின் பிரேக் பாதிதான் வரும்.

ஸ்லோ லேன்:
யாரும் இன்னும் பேப்பர் பக்கம் பேசல. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுப்படி ஆர்சில இருக்கற, கம்பெனி சொன்ன விவரத்துல இருந்து மாறுற மாதிரி வண்டிய மாத்தக்கூடாது, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதியா சொல்லிடுச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல 182ஏ பிரிவுல ஓனருக்கு ஆறு மாசம் வரை ஜெயில் இல்ல ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபா அபராதம், இல்ல ரெண்டும்னு இருக்கு. செக் போஸ்ட்ல யாரும் டேப் வெச்சு அளக்கறதில்லங்கறது வேற விஷயம். ஆக்சிடென்ட் ஆனா இன்சூரன்ஸ் சர்வேயர் அளப்பாரு. பாலிசில மாற்றம் தெரிவிக்கப்பட்டிருக்கா, முந்தின ஓனர் சொல்லியிருக்காரான்னு இப்பவே கேட்டு எழுத்துல வாங்கி வெச்சுக்குங்க.

அப்படியே ஹெட்லைட்டையும் கீழ இறக்கி செட் பண்ணுங்க சாமி, எதிர்ல வர்ற பைக்காரன் கண்ணுலயே அடிக்குது உங்க வண்டி எல்லாம்.

ஆழியார்க்காரன்:
எல்லாருக்கும் நன்றிங்க. அலைன்மென்ட் போட்டு பிரின்ட் வாங்கிட்டேன். காஸ்டர் லெஃப்ட் 1.1, ரைட் 1.6. கேம்பர் ரெண்டு பக்கமும் பாசிட்டிவ், லெஃப்ட்ல 0.8. டோ மட்டும் பச்சைல இருக்கு, மணி அண்ணன் சொன்ன மாதிரியே. கடைக்காரரு "இது ஓகே சார், டயர் தேயாது"ன்னாரு, சிரிப்புதான் வந்துச்சுங்க.

கேம் போல்ட் துருப்பிடிச்சு இறுகிக் கிடந்துச்சு, ஆயில் அடிச்சு ஊறவெச்சு கழட்டி காஸ்டர் லெஃப்ட் 1.9, ரைட் 2.2 வரைக்கும் கொண்டு வந்தாங்க, அதுக்கு மேல போகல. அதுக்கே ஹைவேல நல்ல வித்தியாசம் தெரியுது, கொண்டை ஊசில ஸ்டியரிங் முக்கால்வாசி தானா வருது. ஸ்டெபிலைசர் பார் இருக்குங்க, லிங்க் புஷ்தான் ரெண்டும் போயிருக்கு. பின்னாடி ஒரே கட்டைதான், யு-போல்ட் நாலுல ஒரு நட்டு நல்லாவே திரும்புச்சு.

இப்ப கேள்வி, ஸ்பேசர எடுத்துட்டு சரியான காயிலும் ஷாக்கும் போட்டு லிஃப்ட்ட கொஞ்சம் கொறைக்கலாம்னு பாக்கறேன். 30 இல்ல 40 மிமீ போதுமா? தோட்டத்து ரோட்ல நடு மேடு டிஃப்ரன்ஷியல்ல இடிக்கும், அதுக்குத்தான் ஹைட்டே வேணும்.

டிகிரி காப்பி:
ப்ரோ, நடு மேடுல இடிக்கறது பின் டிஃப்ரன்ஷியல் ஹவுசிங்னா அதுக்கு சஸ்பென்ஷன் லிஃப்ட்டால ஒரு மிமீ கூட பிரயோஜனம் இல்ல. ஹவுசிங் ஆக்ஸிலோட ஒட்டி இருக்கு, ஆக்ஸில் வீலோட இருக்கு, பாடிய எவ்ளோ தூக்கினாலும் அது அங்கேயேதான் நிக்கும். அதைத் தூக்கறது டயர் மட்டும்தான், உங்களுக்கு கிடைச்ச 18 மிமீ டயர்ல வந்தது. சஸ்பென்ஷன் லிஃப்ட் குடுக்கறது பம்பர் ஆங்கிள், நடுவுல சேஸிஸ் வயிறு, பெரிய டயர் ஃபெண்டர்ல உரசாம இருக்கற இடம். அதனால 285 டயர் உரசாம சுத்தற அளவுக்கு லிஃப்ட் இருந்தா போதும், ஸ்டியரிங்க ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சு ஒரு வீல கல்லு மேல ஏத்தி பாத்து முடிவு பண்ணுங்க. உங்களுது ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இருக்கற வேரியன்ட்னா அலைன்மென்ட் முடிச்சதும் ஸ்டியரிங் ஆங்கிள் சென்சார ஸ்கேனர் வெச்சு ஜீரோ பண்ணச் சொல்லுங்க, இல்லன்னா நேரா போறப்பவே வண்டி வளையுதுன்னு அது நெனச்சு பிரேக் பிடிக்கப் பாக்கும்.

பட்டறை மணி:
40ல நிறுத்துங்க. 40ன்னா காஸ்டரும் கேம் போல்ட்லயே இன்னும் கொஞ்சம் ஏறும், அப்பர் ஆர்ம் வாங்கற செலவு மிச்சமானாலும் ஆகும், முதல்ல காயில் மாத்தி ரெண்டு நாள் ஓட்டி உக்கார விட்டுட்டு அப்புறம் அளந்து பாருங்க. ஸ்பிரிங் ஆர்டர் பண்றப்ப கடைக்காரன் "ஹெவி டியூட்டி போட்டுக்கங்க சார், அதான் ஸ்ட்ராங்கு"ன்னுவான், அது ஸ்டீல் பம்பரும் வின்ச்சும் வெச்சிருக்கறவனுக்கு. உங்க மூஞ்சில ஸ்டாக் பம்பர்தான்னா காலி வண்டிக்கான காயில் கேளுங்க, இல்லன்னா மேடு பள்ளத்துல முன் டயர் தரையத் தொடாம தட்டிக்கிட்டே போகும், வளைவுல அப்படிப் போனா காஸ்டர் எவ்ளோ இருந்தும் உதவாது. பின்பட்டைக்கும் அதே கணக்கு, தொட்டில தினமும் எத்தனை கிலோ ஏத்தறீங்கன்னு சொல்லி வாங்குங்க, வருஷத்துல ரெண்டு தடவை ஏத்தற லோட சொல்லாதீங்க.

அந்த கிழிஞ்ச பூட்ட மாத்தினீங்களா இல்லியா, அதைப் பத்தி எழுதவே இல்லியே?

ஆழியார்க்காரன்:
நாளைக்கு காலைல பட்டறைல விடறேனுங்க அண்ணா, லிங்க் புஷ்ஷும் சேத்தே சொல்லிட்டேன்.